கன்னாபின்னாவுக்குப் பதவுரை: பொருளற்றதை விளக்கும் மரபு குறித்து

முன்னுரை

விடுகதை கேட்பவர், அதற்கு விடை உண்டு என்னும் நம்பிக்கையோடுதான் செவிசாய்க்கிறார். அந்நம்பிக்கையைக் கேலி செய்வதற்கென்றே தோன்றிய விடுகதைகளும் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரில் தமிழாசிரியர்களுக்காக நடைபெற்ற பயிலரங்கொன்றில் விடுகதை கற்பித்தல் குறித்து உரையாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் பிசியின் இரு வகைகளையும் விளக்கி முடித்தபோது நண்பகல் நெருங்கிவிட்டது. அவையோரின் சோர்வைப் போக்கக் கருதி, பள்ளி மாணவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வினாவொன்றை முன்வைத்தோம்: யானையைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது எப்படி?

வழக்கமான விடை யாவரும் அறிந்ததே. கதவைத் திறக்க வேண்டும், யானையை உள்ளே வைக்க வேண்டும், கதவை மூட வேண்டும். ஆயின் அன்று அவ்விடையைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கோத்தா திங்கியிலிருந்து வந்திருந்த ஆசிரியர், மெர்சிங் சாலையில் யானையைக் கண்ணாரக் கண்டவர் என்ற உரிமையோடு, பிறந்த கன்றே ஏறத்தாழ 100 கிலோ எடையிருக்கும் என்றும், ஆதலால் பெட்டியின் தட்டுகளை முதலில் கழற்றிவிட வேண்டும் என்றும் தெரிவித்தார். அடுத்தவர், ‘யானை’ இங்கு முதலாகுபெயராய் நின்று தந்தத்தைக் குறிக்கிறது என இலக்கணம் கூறினார். ‘எப்படி’ என்பது வினாவன்று, இயலாமையை உணர்த்தும் எதிர்மறைப் பொருளில் வந்தது என்றார் இன்னொருவர். இறுதியாக, பணி ஓய்வை நெருங்கியிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். “ஐயா, அது ஆனையே அன்று, ஆ நெய். பசுவின் நெய்யைப் பெட்டிக்குள் வைப்பதில் என்ன இடர்?” என்றார். அவை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அச்சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம். எனினும் வீடு திரும்பும் வழியில் ஓர் ஐயம் எழுந்தது. ஆனையை ‘ஆ நெய்’ எனப் பிரிக்கும் இதே விளக்கம் நம் வகுப்பறைகளில் ‘யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்’ என்னும் பழமொழியின் ‘உண்மைப் பொருள்’ என்ற பெயரில் முகம் மாறாமல் கற்பிக்கப்படுகிறது. அங்கு எவரும் நகைப்பதில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். ஒரே சொற்பிரிப்பு ஓரிடத்தில் நகைச்சுவையாகவும் மற்றோரிடத்தில் அறிவாகவும் ஏற்கப்படுவது எதனால்? இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது.

பேராசிரியரின் யானை

தொல்காப்பியர் பிசியையும் பொய்ம்மொழியையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. உவமையோடு பொருந்தி வருவதும், தோன்றும் ஒன்றைக் கூறி அதனால் பிறிதொன்றைத் துணிய வைப்பதும் ஆகிய இரண்டே பிசி. இரண்டிலும் மறைபொருள் ஒன்று உண்டு. அதனை அடைவதற்கான குறிப்பும் சொல்லுக்குள்ளேயே உண்டு. பொருள் தொடர்பற்ற பொய்ம்மொழியோ உரைநடை வகைகளுள் ஒன்றாகத் தனியே வைக்கப்பட்டுள்ளது. அதனையடுத்து, பொருளோடு கூடிய நகைமொழி வைக்கப்பட்டுள்ளது. பொருளற்ற பேச்சுக்கும் இலக்கணத்தில் ஓரிடம் ஒதுக்கிய இம்மரபின் பெருந்தன்மையை நாம் போதிய அளவு வியந்ததில்லை என்றே தோன்றுகிறது.

பொய்ம்மொழிக்குப் பேராசிரியர் தரும் எடுத்துக்காட்டு ஒரு யானையும் ஒரு குருவியும் ஆகும். அவை இரண்டும் தமக்குள் நட்புக்கொண்டு, இன்ன இடத்திற்குச் சென்று, இன்னது செய்தன என்று, அவற்றிற்குப் பொருந்தாத செய்திகளைத் தொடர்ச்சியாகச் சொல்வது பொய்ம்மொழி என்கிறார். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வழிவழியாக வருவது என்றும் சேர்த்துரைக்கிறார். சொல்லுக்குச் சொல் நுணுகி ஆராயும் அவ்வுரையாசிரியர் இங்குச் செய்யாமல் விட்டதுதான் நம் கவனத்திற்குரியது. யானை செருக்கின் குறியீடு, குருவி பணிவின் குறியீடு, அவற்றின் நட்பு சமுதாய ஒற்றுமை என அவர் எழுதவில்லை. எழுதியிருக்க இயலும், இன்றைய தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதும் மாணவருக்கு நாம் மதிப்பெண்ணும் அளிப்போம். அவர் யானையை யானையாகவும் குருவியைக் குருவியாகவும் விட்டுவிட்டு அடுத்த வகைக்குச் சென்றுவிட்டார்.

குளிர்பதனப் பெட்டி யானையும் அவர் கூறிய தொடர்ச்சியைப் பெற்றிருப்பது வியப்பூட்டுவது. யானையை அடுத்து ஒட்டகச்சிவிங்கியை உள்ளே வைப்பது எப்படி என்பது இரண்டாம் வினா. கதவைத் திறந்து, யானையை வெளியே எடுத்துவிட்டு, ஒட்டகச்சிவிங்கியை வைத்து, கதவை மூட வேண்டும். காட்டரசனாகிய சிங்கம் கூட்டிய பேரவைக்கு வாராத விலங்கு எது என்பது மூன்றாவது. பெட்டிக்குள் இருக்கும் ஒட்டகச்சிவிங்கிதான். முதலைகள் நிறைந்த ஆற்றை எவ்வாறு கடப்பது என்பது நான்காவது. நீந்திக் கடக்கலாம், முதலைகள் யாவும் பேரவைக்குச் சென்றுவிட்டன. முதல் வினாவில் மிகையாகச் சிந்தித்தவர் தோற்கிறார். அதற்குப் பாடம் கற்றுக்கொண்டு இரண்டாம் வினாவில் குறைவாகச் சிந்திப்பவரும், யானை உள்ளேயிருப்பதை மறந்துவிட்டதால், தோற்கிறார். பொருளற்ற உலகிற்கு உள்ளேயும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதையே இத்தொடர் காட்டுகிறது. அவ்வொழுங்கு நம் உலகத்து யானையின் எடையைப் பொருட்படுத்துவதில்லை. தான் முன்னர்ச் சொன்ன சொல்லை மட்டும் மறப்பதில்லை.

மேலைநாட்டு யானைகள்

யானை பற்றிய அபத்த விடுகதைகள் 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவில் பெருவழக்காயின. அவற்றை விளக்க முற்பட்ட நாட்டுப்புறவியலாளர்களுள் ரோஜர் ஏப்ரகாம்ஸ், ஆலன் டண்டிஸ் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். 1969இல் உளப்பகுப்பாய்வு இதழொன்றில் வெளிவந்த கட்டுரையில், அவ்விடுகதைகள் பரவிய காலமும் கறுப்பின மக்களின் குடிமையுரிமைப் போராட்டம் வலுப்பெற்ற காலமும் ஒன்றாயிருப்பதைச் சுட்டி, வெள்ளையர் அடிமனத்தில் எழுந்த அச்சமே பேருருவம் கொண்ட யானையாக வந்தது என்று அவர்கள் வாதிட்டனர். பின்னாளில் எலியட் ஓரிங் போன்றோர் இதனை ஏற்கவில்லை. பொருந்தாத இரண்டினிடையே ஒருவகைப் பொருத்தம் தோன்றும்போது நகை பிறக்கிறது என்பது ஓரிங்கின் அடிப்படைக் கருத்து.

டண்டிஸின் விளக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அயல்நாட்டில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது கருத்தரங்குகளில் அவ்வெள்ளல் ஒரு சடங்காகவே இருந்தது. எனினும், ஒரு நகைச்சுவை ஒரு காலத்தில், ஒரு மக்களிடையே, ஏன் பரவியது என்ற அவருடைய வினா நியாயமானது. விடையில்தான் இடர். ஜொகூர்ச் சிறுவர்கள் அந்த யானையை ஏற்றுக்கொண்டனர். அமெரிக்க வெள்ளையரின் அச்சத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நகைச்சுவை கடலைக் கடந்துவிட்டது, விளக்கம் கரையிலேயே நின்றுவிட்டது.

லூயிஸ் கரோலின் வினா இன்னும் தெளிவான சான்று. 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதையில், அண்டங்காக்கை எவ்வகையில் எழுதுமேசையைப் போன்றது எனத் தொப்பிக்காரர் கேட்கிறார். கதைக்குள் அதற்கு விடையில்லை. வாசகர்கள் விடாது கேட்டமையால், 1896இல் எழுதிய முன்னுரையில், வினா தோன்றியபோது அதற்கு விடையே இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, பிற்பாடு தமக்குத் தோன்றிய விடையொன்றைக் கரோல் வழங்கினார். அவ்விடையில் ‘ஒருபோதும் இல்லை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, திருப்பிப் படித்தால் அண்டங்காக்கையின் ஆங்கிலப் பெயராகும்படி, வேண்டுமென்றே ஓரெழுத்து மாற்றி எழுதியிருந்தார். பிழை என்று கருதி அதனைத் திருத்திவிட்டனர். உண்மை 1976இல்தான் வெளிப்பட்டது. மிகையாகச் சிந்திப்பதால் நேரும் கேட்டைப் பேசும்போது, சிந்தியாது திருத்துவதால் நேரும் கேட்டையும் நினைவில் கொள்ள வேண்டியுள்ளது. மெய்ப்புத் திருத்தும் நண்பர்கள் நம்மைப் பொறுத்தருள்வார்களாக.

சோழன் அவையில் ஒரு பெருச்சாளி

பொருளற்றதற்குப் பொருளுரைக்கும் செயலைக் கதையாகவே ஆக்கி நமக்குத் தந்துள்ளது தமிழ் மரபு. கம்பரைச் சூழ்ந்து வளர்ந்த கதைகளுள் ஒன்று அது. வழக்கில் பல வடிவங்கள் உண்டு, சாரம் ஒன்றே. எழுத்தறியாத ஏழை ஒருவன், பாட்டுப் பாடினால் சோழன் பரிசளிப்பான் எனக் கேள்வியுற்று, மனைவியின் தூண்டுதலால் புறப்படுகிறான். வழியில் மண்ணைத் தின்று விளையாடும் சிறுவரைக் காண்கிறான். காக்கை கரைவதையும் குயில் கூவுவதையும் கேட்கிறான். கோவிலருகே பெருச்சாளியைப் பார்க்கிறான். எதிர்ப்பட்டவன் ‘கன்னாபின்னா’ என்று ஏசுகிறான். கண்டதும் கேட்டதுமாகிய இவற்றை ஒன்றாக அடுக்கி, இறுதியில் சோழனைப் பெருமானே என விளித்து அவையில் பாடி முடிக்கிறான். அவை சிரிக்கிறது. கம்பர் எழுந்து, இது சிரிக்கத்தக்க பாட்டன்று எனக் கூறிச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் உரைக்கிறார். அரசன் மகிழ்ந்து பரிசளிக்கிறான்.

கம்பர் வாயில் கதை வைக்கும் பதவுரையை ஒருமுறை உரையாசிரியர் கண்கொண்டே நோக்குவோம். நகைச்சுவைக்கு இத்துணை இலக்கணம் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லைதான், ஆயினும் எந்த மூட்டில் தச்சர் ஆப்பு அடித்தார் என்பதை அறிந்தாலன்றி நாற்காலியின் உறுதியை மதிப்பிட இயலாது.

மண்ணுண்ணி என்பது உலகத்தை உண்ட திருமால். மாப்பிள்ளையிலுள்ள ‘மா’ திருமகள். அவ்விருவரின் பிள்ளை காமன். ஆகவே சோழன் காமனை ஒத்த அழகன். இதில் குறை காண்பதற்கில்லை. காக்கையின் கரைதலிலிருந்து பிறந்த சொல் ‘கா’ எனவும் ‘இறை’ எனவும் பிரிந்து, கற்பகச் சோலைக்குத் தலைவனாகிய இந்திரனைத் தருகிறது. குயிலின் கூவலிலும் அதே ‘இறை’. ‘கூ’ என்பதற்குப் பூமி என்னும் பொருள் நிகண்டு மரபில் உண்டு. ஆகவே நிலவேந்தன். இதுவரை உரை தடையின்றி நடக்கிறது.

பெருச்சாளியிடம்தான் அது தடுமாறுகிறது. கோவிலைக் ‘கோ’ என்றும் ‘வில்’ என்றும் பிரித்து, அரசனாகிய உன் தந்தை வில்லாற்றலில் பெருத்த ஆளி, அதாவது சிங்கம், என்கிறார் கம்பர். இரண்டு இடர்ப்பாடுகள் இங்குள்ளன. ஏழை பாடிய சொல் ‘கோவில்’ என்று இருந்தால்தான் வில் கிடைக்கும். அவன் ‘கோயில்’ என்று பாடியிருந்தால், சோழனின் தந்தை படைக்கலமின்றி நின்றிருப்பார். மற்றொன்று, ‘பெருத்து’ என்பது ‘பெருச்சு’ என ஆவது. பேச்சுத்தமிழில் தகரம் சகரமாகத் திரிவது இகர ஐகாரங்களை அடுத்தே நிகழும். படித்து, படிச்சு ஆகும். அடைத்து, அடைச்சு ஆகும். பெருத்து, பெருத்தாகவே நிற்கும். எலி சிங்கமாவதற்கு மொழியியல் இசைவு தரவில்லை. அவையிலிருந்த புலவர் எவரும் இதனை எழுப்பவில்லை. கம்பரிடம் அச்சம் காரணமாகலாம். ஏழையிடம் இரக்கம் காரணமாகலாம்.

எஞ்சியது கன்னாபின்னா. கன்னன் என்பது கர்ணனின் தமிழ் வடிவம், கொடையில் கர்ணன். பின்னன், அவனுக்குப் பின் பிறந்த தருமன், வாய்மையில் தருமன். சில வடிவங்களில் இதனையடுத்துத் ‘தென்னன்’ என்ற விளியும் வருகிறது. தென்னன் பாண்டியனுக்குரிய பெயர். சோழன் அவையில் சோழனைப் பாண்டியனாக்கும் அவ்விடத்தைத் தென்னாட்டு மன்னன் என்று கூறி உரை விரைந்து கடந்துவிடுகிறது. அவ்விரைவு உரையாசிரியர் யாவருக்கும் பழக்கமானது. நமக்கும்தான்.

இக்கதையைக் கம்பரின் புலமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். நமது கருத்தில் இது புலமையின் புகழ்ச்சியன்று. புலமை தன்னைத் தானே எள்ளிக்கொண்ட அரிய தருணம். கதை கேட்பவருக்குப் பாட்டு எவ்வாறு உருவாயிற்று என்பது முன்கூட்டியே தெரியும். மண் தின்ற சிறுவரையும் ஓடிய பெருச்சாளியையும் அவர் பார்த்துவிட்டார். ஆதலால் கம்பர் உரைக்க உரைக்க அவர் நம்புவதில்லை, நகைக்கிறார். அவையிலுள்ள அரசனுக்கு மட்டும் பாட்டின் பிறப்பு தெரியாது. அவன் நம்புகிறான், பொன் கொடுக்கிறான். சொல்லின் பிறப்பை அறிந்தவர் சிரிக்கவும், அறியாதவர் வணங்கவுமாக அமைந்த கதை இது.

வேறொரு தீர்ப்பையும் இங்குக் குறிக்க வேண்டும். கம்பர் அவையில் வென்றார், மொழியில் தோற்றார். இன்றுவரை எந்தத் தமிழரும் வள்ளலைக் கன்னாபின்னா என்று போற்றியதில்லை. ‘கன்னாபின்னாவென்று பேசுகிறான்’, ‘கன்னாபின்னாவென்று விலை ஏறிவிட்டது’ என்றே வழங்குகிறோம். கர்ணனும் தருமனும் கதையில் தங்கிவிட, ஏசியவனின் பொருள் மொழியில் நிலைத்துவிட்டது.

காளமேகத்தை நினைவுகூராமல் இவ்விடத்தைக் கடக்க இயலவில்லை. தகர வரிசை எழுத்துகளாலேயே அவர் அமைத்த பாட்டு, கேட்கும்போது கன்னாபின்னாவை விடவும் பொருளற்றதாக ஒலிக்கும். பிரித்தால் தூது பற்றிய தெளிவான பொருள் வெளிப்படும். அப்பொருள் பாடியவர் வைத்தது. கம்பர் கதையிலோ பாடியவர் எதனையும் வைக்கவில்லை. செவிக்கு இரண்டும் ஒன்றே. பிரிக்கும் கருவியும் ஒன்றே. வேறுபாட்டைக் கருவி காட்டாது. பாட்டின் பின்னணிதான் காட்டும்.

பழமொழிகளுக்கு நேர்வது

இனி ஆ நெய்க்குத் திரும்புவோம். ஆனை ‘ஆ நெய்’ எனவும் பூனை ‘பூ நெய்’ எனவும் கொள்ளப்பட்டு, இளமையில் பசுநெய்யும் முதுமையில் தேனும் உண்ண வேண்டும் என்னும் மருத்துவ அறிவுரையாகப் பழமொழி மாற்றப்படுகிறது. நெய் என்பதோடு நான்காம் வேற்றுமை உருபு சேர்ந்தால் நெய்க்கு என்றே ஆகும். யகர மெய் கெட்டு, எகரம் ஐகாரமாகி, ‘னைக்கு’ என நிற்க விதியில்லை. எனினும் இலக்கணத் தடையைவிட நமக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பது எளியோர் வலியோரைப் பார்த்துச் சொல்லும் சொல். ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒருவர் அதனைச் சொல்லும்போது யானை எந்தப் பங்களாவில் குடியிருந்தது என்பதைக் கேட்டவர் அறிந்திருப்பார். நெய்யும் தேனும் வந்து சேர்ந்தால், துரையும் கிராணியும் அப்பழமொழியிலிருந்து தப்பிவிடுகின்றனர்.

இவ்வகை விளக்கங்கள் பல. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்னும் கேலி, ஆயிரம் வேரைக் கொண்டவன் எனத் திருத்தப்படுகிறது, வைத்தியர் பிழைத்துக்கொள்கிறார். கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை, ‘கழு’ என்னும் கோரையைத் தைத்த பாயில் தெரியும் வாசனையாகிறது, கழுதை மறைகிறது. களவும் கற்று மறக்கச் சொன்ன முதுமொழியில் ‘கத்து’ என்ற பொய்யைக் கொணர்ந்து நல்லொழுக்கம் நாட்டப்படுகிறது. இவற்றுள் ஒன்றிரண்டு உண்மையாகவே பழைய பாடமாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் பழைய திரட்டுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். ஆனால் திருத்தங்கள் யாவும் ஒரே திசையில் செல்வது ஐயத்தைத் தூண்டுகிறது. கேலி அறிவுரையாகிறது, விலங்கு மறைந்து மருந்து வருகிறது, எலி சிங்கமாகிறது. மொழி எப்போதும் மேல்நோக்கியே ‘திரிந்து’ வந்திருக்க இயலாது. குளுவாங்கில் மூத்த ஆசிரியை செய்தது இதற்கு நேர்மாறானது. அவர் யானையை நெய்யாக இறக்கினார். இறக்கியதை யாவரும் காணும்படி இறக்கினார். அதனால் சிரித்தோம்.

உம்பர்த்தோ எக்கோ 1990இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகள் மிகைவிளக்கத்திற்கு எல்லை வகுக்க முயன்றவை. 1992இல் அவை நூலானபோது, ஜோனதன் கல்லரின் மறுப்பும் உடன் வெளிவந்தது. மிதமான விளக்கம் பயனற்றது, மிகையே புதியன காட்டும் என்பது கல்லரின் கட்சி. நாம் கல்லருக்கு எதிரியல்லோம். தண்டியின் காவியாதரிசம், பிரேளிகை என்னும் புதிர்வகை விளையாட்டு அவைகளில் பயன்படும் என்று கூறும். அவ்வவை மிகைக்கு உரிய இடம். அங்குச் சொல்பவரும் கேட்பவரும் விளையாட்டு என்பதை அறிவர். வகுப்பறையில் ஒருவர் மட்டுமே அறிவார். சில வேளைகளில் அவரும் அறிவதில்லை.

ஜொகூரின் ‘ஊர்’

பிறர் குறையைச் சொல்லி நமது குறையை மறைத்தல் முறையன்று. சொற்பிரிப்பின் ஆபத்தை மூன்றாம் ஆண்டு மாணவருக்கு உணர்த்த எண்ணி, ஒருநாள் வகுப்பில் ஜொகூர் என்னும் பெயர் தூய தமிழ் என்று நிறுவிக் காட்டினோம். ‘சோ’ என்பது அரண். இஃது அகராதி ஒப்பும் பொருள். பாணன் என்னும் அசுரனின் நகருக்கும் அதுவே பெயர். ‘கூர்’ என்பது மிகுதி; உரியியல் அறிந்தவர் மறுக்கமாட்டார். ஆகவே சோகூர் என்பது அரண் மிகுந்த நாடு. சான்று வேண்டுமோ? அம்மாநிலத்திலேயே கோத்தா திங்கி உள்ளது. மலாயில் உயர்ந்த கோட்டை என்று பொருள். ‘கோத்தா’வும் இந்தியாவிலிருந்து சென்ற சொல்லே. ஜொகூர் லாமாவில் பழைய அரணின் எச்சமும் உண்டு. கடைசியில் ‘ஊர்’ என்ற ஒலி வேறு இருக்கிறது. தமிழருக்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? வகுப்பு சிரித்தது. நாமும் மகிழ்ந்து பாடத்தை முடித்தோம்.

அடுத்த ஆண்டு, இடப்பெயர் ஆய்வு குறித்த ஒப்படைப்பு ஒன்றில் அரண் மிகுந்த நாடு ‘அறிஞர் கருத்து’ என்ற முன்னொட்டோடு இடம்பெற்றிருந்தது. எழுதியவர் நமது அன்றைய வகுப்பில் இருந்தவர் அல்லர். வேறு யாரோ எடுத்த குறிப்பைப் பெற்றவர். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வருவது என்று பேராசிரியர் சொன்னது இதனைத்தானோ என எண்ண வேண்டியதாயிற்று. அவர் வந்தது, சிரிப்பு மட்டும் வழியில் விடுபட்டிருந்தது.

அம்மாணவரை அழைத்துப் பேசினோம். “எந்தப் படியில் தவறு, ஐயா?” என்று கேட்டார். நேர்மையான வினா. சோ அரண்தான், கூர் மிகுதிதான், கோத்தா திங்கி உயர்ந்த கோட்டைதான். ஒவ்வொரு படியும் தனித்தனியே உறுதியானது. படிகள் சென்று சேரும் வீடுதான் இல்லை. ஜொகூர் என்னும் பெயர் மணியைக் குறிக்கும் ஜவ்ஹர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. ஜாவி எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. அதற்கு முன்னர் இப்பகுதி நிலமுனை எனப் பொருள்படும் ஊஜோங் தானா என்ற பெயரால் வழங்கியது. இன்னொன்றையும் அவருக்குக் காட்டினோம். மலாய்ப் பெயரில் ககரமே இல்லை. நெடிய ஊகாரமும் இல்லை. ஹகரத்திற்குத் தமிழில் ககரம் எழுதுவது நம் வழக்கம். ஈற்றை நீட்டி ‘ஊர்’ ஆக்கியதும் நாமே. ‘கூர்’ என்று நாம் கண்டுபிடித்தது நமது நாளிதழ்களின் எழுத்துக்கூட்டலைத்தான். கோயிலைக் கோவிலாக்கி வில் எடுத்த கம்பருக்கும் நமக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

மறுவாரம் அவர் திருத்திய ஒப்படைப்பைக் கொண்டுவந்தார். சோவும் கூரும் நீக்கப்பட்டிருந்தன. குளுவாங் குறித்துப் புதிய பத்தியொன்று சேர்ந்திருந்தது. பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் கெலுவாங் என்ற மலாய்ச் சொல்லிலிருந்து அவ்வூர்ப்பெயர் வந்ததென்று முறையாக எழுதியிருந்தார். அப்பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: “குளம் வாங்கியவர் ஊர் என்றும் சொல்லலாம், ஐயா. இது சிரிப்பதற்கு மட்டும்.”